ஏழாவது முடிச்சு

வேப்பனப்பள்ளி சாலையில் எங்கள் பஸ் பஞ்சராகிவிட்டது. இறங்கி நடக்கிறோம். ஒரு தக்காளித் தோட்டத்துக் கிணற்றைச் சுற்றி ஊரே கூடியிருக்கிறது. பக்கத்து மாந்தோப்பில் துளை போடும் லாரி ஓசையின்றி நிற்கிறது. பூமிக்கு அடியில் இருக்கும் சூட்டில் கரண்ட் எடுக்க முடியுமா என்று பார்க்க வந்த லாரி.

“நாங்கதான் நிறுத்தி வெச்சிருக்கோம்,” என்கிறார் தோட்டக்காரர் முனியம்மா. அவர் கையில் கல் கட்டிய கயிறு. ஒவ்வொரு ஆள் உயரத்துக்கும் ஒரு முடிச்சு. ஏழாவது முடிச்சில் கல் தொட்ட தண்ணீர், துளை போட்ட மூன்றாம் நாளே ஒன்பதுக்கு இறங்கிவிட்டதாம்.

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னாரு இன்ஜினியரு. எங்க தக்காளி காஞ்சிபோனா உங்க சூட்ட வெச்சி நாங்க இன்னா பண்றது சார்னு கேட்டேன்.”

வாரம் முழுக்க ஊர் அசையவில்லை. கடைசியில், கிணற்றுத் தண்ணீர் துளைக்குள் வடியாதபடி இரும்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் போட்டு அடைத்திருக்கிறார்கள். இன்று அளக்கும் நாள். இன்ஜினியரே அளக்க வேண்டும் என்பது ஊர் போட்ட நிபந்தனை.

அவர் பேன்ட்டை மடித்துக்கொண்டு கயிற்றை விடுகிறார். முடிச்சுகளை ஊரே சத்தமாக எண்ணுகிறது. ஐந்து. ஆறு. ஏழில் ‘சளக்’ என்று சத்தம். விசில் பறக்கிறது, பஸ்ஸிலிருந்து வந்த நாங்களும் கை தட்டுகிறோம்.

“மெஷின ஓட்டலாங்களாம்மா?” இன்ஜினியர் கேட்கிறார்.

முனியம்மா நிதானமாகக் கயிற்றைச் சுருட்டுகிறார்.

“ஓட்டுங்க சார். நாளைக்கும் காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க. கயிறு ரெடியா இருக்கும்.”