அம்மை வீட்டு மொழிபெயர்ப்பாளர்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஸ்கூடாயில் எங்கள் வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மாடிப் பின்னறைக்கு வாடகைக்கு வந்த கானா நாட்டு அக்கா. இன்னொருவர் மாரியம்மன், தம்பியின் உடம்பெல்லாம் முத்து முத்தாக இறங்கியிருந்தாள். முன்னவர் வந்ததால்தான் பின்னவள் வந்தாள் என்று அத்தை முடிவு கட்டினார். ஒரே மாதம் என்பதைத் தவிர வேறு சாட்சி அவருக்குத் தேவைப்படவில்லை.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. அப்பா விடியுமுன்பே மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார். அம்மா தம்பியோடு அறைக்குள் இருந்தார். ஆகவே வீட்டில் அத்தையின் ஆட்சி. வாசல் கிரில்லில் வேப்பிலைக் கொத்து ஏறியது, அடுப்பில் தாளிப்பு நின்றது, வெளியாட்கள் வரக்கூடாது என்றாயிற்று. மாடியில் இருப்பவர் வெளியாளா, வீட்டாளா என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை.

அந்த அக்கா பல்கலைக்கழகத்தில் வரலாற்றில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தார். வேப்பிலையைக் கண்டு ஒதுங்கிப் போவார் என்று அத்தை நினைத்திருக்க, அவரோ வாசற்படியில் உட்கார்ந்து அதை நோட்டுப் புத்தகத்தில் வரைந்தார். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். எத்தனை நாளாகிறது? இலையை அரைத்துப் பூசுவீர்களா, படுக்கையில் விரிப்பீர்களா? தலைக்குத் தண்ணீர் எப்போது? எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். வகுப்பில் ஆங்கிலத்துக்கு முதல் மதிப்பெண் வாங்குகிறவள், சும்மா இருக்க முடியுமா! அவர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

"நம்ம புள்ளைக்கு அம்மா போட்டிருக்கு. இவ என்னாத்துக்கு அத எழுதி வைக்கிறா?" என்றார் அத்தை. "நல்லதுக்கு எழுதுற மாதிரியா லா இருக்கு? நீ ஒரு கண்ணு வெச்சுக்க."

நான் இரண்டு கண்ணையும் வைத்தேன். மூன்றாம் நாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது, அறைக் கதவு திறந்து கிடந்தது. மேசையில் நோட்டு. ஒரு பக்கத்தில் ஒரு கப்பலின் வயிறு. அதற்குள் டின் மீனை அடுக்கியதுபோல் சின்னச் சின்னக் கறுப்பு உருவங்கள் படுத்திருந்தன. அடுத்த பக்கத்தில் ஒரு கை, ஒரு சிறு கத்தி, கையில் ஒரு கீறல். அதற்குக் கீழேயே எங்கள் வீட்டு வேப்பிலைக் கொத்து! நோட்டைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடினேன்.

சற்று நேரத்தில் சாப்பாட்டு மேசையில் விசாரணை நடந்தது. அக்காவும் அத்தையும் 'சாப்பிட்டாயா', 'மழை வருது' என்ற அளவுக்கு மலாயில் பேசிக்கொள்வார்கள். அதற்கு மேல் என்றால் நான்தான். நோட்டை எடுத்ததற்கு அக்கா கோபப்படவில்லை. யாரோ கேட்டார்களே என்று ஆவலோடு உட்கார்ந்தார்.

"இந்தக் கப்பல்ல இருக்கறவங்க யாரு?"

"அடிமைங்களாம் அத்தே. வெள்ளக்காரன் ஆப்பிரிக்காவிலேர்ந்து சங்கிலி போட்டு அமெரிக்கா பக்கம் கொண்டுபோனானாம்."

அத்தையின் முகம் கொஞ்சம் இளகியது. "நம்ம ஆளுங்கள தோட்டத்துக்குக் கொண்டாந்தானே, அந்த மாதிரியா?"

"அதவிட மோசமாம்."

"பாவம். சரி, இந்தக் கை?"

அக்கா நீளமாகப் பேசினார். தன் முழங்கைக்குக் கீழே விரலால் கீறிக் காட்டினார். பெரியம்மை, சீழ், கத்தி, இன்னொருவர் கை: இவை எனக்குப் பிடிபட்டன. நடுவில் ஒரு பெரிய பகுதி பிடிபடவில்லை. திருப்பிக் கேட்க என் கௌரவம் விடவில்லை.

"அம்மை போட்டவங்ககிட்டேர்ந்து சீழ எடுத்து, நல்லா இருக்கறவங்க கையக் கீறி உள்ள வைப்பாங்களாம் அத்தே. அவங்க ஊரு வைத்தியமாம்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"அலமாக்!" அத்தை நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "நம்ம புள்ளகிட்டேர்ந்து எடுத்தாளான்னு கேளு!"

கேட்டேன். குழந்தைக் கேள்வி என்று எண்ணி அக்கா சிரித்துவிட்டார்.

"இல்லியாம்."

"சிரிக்கிறா பாத்தியா? பாலோவிலேர்ந்து சொந்தக்காரங்க வராங்க, ரூம்பு வேணும்னு சொல்லு."

இதை மட்டும் எதுவும் விடாமல் மொழிபெயர்த்தேன். அக்கா அத்தையைப் பார்த்தார், பிறகு என்னை. "நான் சொன்னதை எல்லாம் சொன்னாயா?" என்று கேட்டார். எல்லாம் சொன்னேன் என்றேன்.

விட்டுப்போன நடுப்பகுதி போன வருடம் கல்லூரி நூலகத்தில்தான் எனக்குக் கிடைத்தது. அந்தக் கீறல் பெரியம்மை ஆளைக் கொல்லாமல் இருப்பதற்காகப் போட்டது. ஆப்பிரிக்காவில் தன் கையில் அது போடப்பட்டதை ஓர் அடிமை அமெரிக்காவில் தன் எசமானுக்குச் சொல்ல, அவர் அதை ஊராருக்கும் போட ஏற்பாடு செய்ய, அடிமைகள் நம்மைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று ஊரார் கூச்சலிட்டிருக்கிறார்கள். போட்டுக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். படித்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டேன்.

அந்த மாதமே, தம்பிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் அக்கா கிளம்பினார். பையைக் கார்வரை நான்தான் தூக்கிப் போனேன். அவர் குனிந்து என் கையைக் குலுக்கினார். "உனக்கு நன்றி. உன் அத்தை நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார், அதுவே எனக்குப் போதும்" என்றார்.

நான் பெருமையாகத் தலையாட்டினேன்.