அத்தை வாங்கிய கனமான ஜிக்குகள்

என் அத்தை முடி வெட்டுபவர். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் இரண்டு நாற்காலி போட்ட கடை அவருடையது. வாரத்தில் ஒருநாள் கடைக்கு விடுமுறை. அன்று அவரும் மாமாவும் அணைக்குப் போய், நண்பர் ஒருவரின் படகில் பாஸ் மீன் பிடிப்பார்கள். பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த என்னை அப்பா இவர்களிடம் அனுப்பிவைத்தார். அப்படித்தான் நானும் படகில் ஏறினேன்.

அத்தை தன் நூலில் ஜிக்கைத் தவிர வேறு எதையும் கட்டமாட்டார். ஜிக் பார்ப்பதற்குப் பெரிய விஷயமில்லை. ஈயத்தில் வார்த்த ஒரு தலை, அதிலிருந்து வளைந்து வரும் கொக்கி, கொக்கியை மறைத்துத் தொங்கும் ரப்பர் குஞ்சம். கொக்கியில் ஒரு ரப்பர் நண்டைச் செருகிவிட்டால், தண்ணீருக்கடியில் ஏதோ ஒரு ஜந்து தரையோடு ஊர்வது போலிருக்கும். குஞ்சம் நீளமாக இருந்தால் மீன் நுனியை மட்டும் கவ்விவிட்டுப் போய்விடும் என்பது அத்தையின் கட்சி. அதனால் சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, கடைக் கத்திரியால் குஞ்சங்களை வெட்டுவார். நெற்றி முடியை வெட்டுவது போல, கொஞ்சம் கொஞ்சமாக.

“மீசையையும் ஒதுக்கி விடு. கல்யாணத்துக்குக் கிளம்புறான் போல,” என்பார் மாமா. அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர்.

“உங்களுக்கு வெட்ட முடி இல்லைன்னு பொறாமை.”

எடையைத் தேர்ந்தெடுப்பதில் அத்தையை யாரும் மிஞ்ச முடியாது. குளிர்ந்த தண்ணீர், ஆழம் குறைவு என்றால் ஏழு கிராம். அது மெதுவாக இறங்கும். மீனுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். காற்று அடித்தாலோ ஆழம் கூடினாலோ பத்து, பதினான்கு. அதற்கு மேல் போனால் ஜிக் கல்லாய் விழுந்து, மூழ்கிக் கிடக்கும் மரங்களில் சிக்கிக்கொள்ளும். பாஸ் மீன் ஜிக்கை வெடுக்கென்று இழுப்பதில்லை. வாயைத் திறந்து உறிஞ்சும். நூல் வழியாக மேலே வருவது ஒரே ஒரு சின்னத் தட்டல். அதை விரல் உணர்ந்ததும் தூண்டில் கோலைச் சுண்டி இழுக்க வேண்டும். தாமதித்தால் மீன் துப்பிவிடும்.

இவ்வளவும் தெரிந்த அத்தை, அந்தக் குளிர்காலத்தில் கனமான ஜிக்குகளாக வாங்கத் தொடங்கினார். பதினான்கு, இருபத்தொன்று, பிறகு இருபத்தெட்டு.

“இதை விட கனமா இருக்கா?” என்று தூண்டில் கடையில் கேட்டார்.

“அக்கா, இதுக்கு மேலன்னா நங்கூரம்தான்,” என்றார் கடைக்காரர். “மீன் பிடிக்கப் போறீங்களா, படகைக் கட்டப் போறீங்களா?”

அத்தை சிரிக்கவில்லை. “இருக்கிறதைக் குடுப்பா.”

வாங்கியதெல்லாம் மரக்கிளைகளில் மாட்டி அறுந்துபோனது. “அணைக்கு அடியில தூண்டில் கடைக்குக் கிளை திறந்துட்டா முதலாளியம்மா,” என்று மாமா கேலி செய்தார். பெரிய மீனுக்கு ஆசைப்படுகிறார் என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்தோம். பாத்திரம் கழுவும்போது அவர் அடிக்கடி வலது கையை உதறுவதை நான் பார்த்திருந்தேன். தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாளில் காற்றே இல்லை. அத்தையின் ஜிக் ஒரு பட்ட மரத்தின் அருகே இறங்கியது. சற்று நேரத்தில் அவருடைய நூல் தண்ணீரில் பக்கவாட்டாக நகர்ந்தது.

“நூல் போகுது! இழு, இழு!” என்று கத்தினார் மாமா.

“எங்க? ஒண்ணும் இல்லையே.”

சுற்றி எடுத்துப் பார்த்தால் ரப்பர் நண்டின் ஒரு கொடுக்கைக் காணோம்.

“பாறையில மாட்டியிருக்கும்,” என்றார் அத்தை.

“பாறைக்கு எப்பப் பல்லு முளைச்சுது?”

மாமா அதற்குமேல் கேலி செய்யவில்லை. நூலின் முனையைப் பிடித்துக்கொண்டு படகின் மறுகோடிக்குப் போனார். “கோலைப் பிடிச்சுக்கோ. அந்தப் பக்கம் திரும்பு. நான் இழுத்ததும் சொல்லு.”

அத்தை கரையைப் பார்த்தபடி நின்றார். மாமா நூலை மெல்லச் சுண்டினார். கோலின் நுனி தலையசைத்ததை நான் பார்த்தேன். இன்னொரு முறை. இன்னும் ஒரு முறை.

“இழுங்களேன். எவ்வளவு நேரம் நிக்கிறது?” என்றார் அத்தை.

“மூணு தரம் இழுத்துட்டேன்மா.”

அத்தை கோலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். “கட்டை விரல், பக்கத்து ரெண்டு விரல். முதல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு. இப்ப எறும்பும் இல்லை.”

“கடையில எப்படி வெட்டுறே?”

“கண்ணாடியைப் பாத்துத்தான். விரலுக்கு நடுவுல முடி இருக்கான்னு பாத்துப் பாத்து.”

“எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“டாக்டர்கிட்ட போகச் சொல்வீங்க. அவர் கத்திரியைக் கீழ வைன்னுவார். வேற என்ன வேலை தெரியும் எனக்கு?”

“ஜிக்குல ஈயத்தைக் கூட்டிக்கிட்டே போகலாம்,” என்றார் மாமா. “கத்திரிக்கு என்ன பண்ணுவே?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தை அத்தனை நாளும் ஜிக்கை மீனுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. தன் கைக்குத் தெரிகிற எடையைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு விஷயத்தை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவர், பயம் வந்ததும் அந்த அறிவுக்கு எதிராகவே நடக்க முடியும் என்பதை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

“கரைக்குப் போலாம்,” என்றார் அத்தை.

மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, சின்ன அறுவை சிகிச்சை போதும் என்றார் டாக்டர். உணர்ச்சி திரும்பும், முழுதாகவா என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும். அதுவரை கத்திரியைத் தொடக்கூடாது. அத்தைக்கு அறுவை சிகிச்சையை விட அதுதான் கலக்கமாக இருந்தது. கடைக்கு எதிர் வரிசையில் கண்ணாடிக் கதவும் பாட்டுமாகப் புது சலூன் ஒன்று வந்திருந்தது. ஒரு மாதம் பூட்டினால் யார் காத்திருப்பார்கள்?

ஆனாலும் சிகிச்சைக்குப் போய்ப் படுத்தார். கடை போனை என்னிடம் கொடுத்திருந்தார்கள். கடை பூட்டியிருக்கிறது என்றதும், கூப்பிட்ட வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் “அப்படியா” என்று வைத்துவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் எதிர்க்கடைக்குப் போனார்களோ தெரியாது. தபால் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் மட்டும் விவரமாகக் கேட்டார்.

“கை எப்ப சரியாகும்?”

“ஒரு மாசத்துக்கு மேல ஆகும் சார். சரியா சொல்லத் தெரியல.”

“சரி. நான் முடி வளத்துக்கிட்டு இருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லு.”

கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்த அத்தையிடம் அப்படியே சொன்னேன்.

“அவருக்கு இருக்கிறதே நாலு முடி,” என்றவர், சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.