மானுக்குச் சோளம் கொட்டாதீர்கள்

மொன்றியலுக்கு வடக்கே சின்னதாக ஒரு வேட்டைக்காணி வாங்கலாமா என்று போன வாரமும் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். அவருக்கும், அவரைப் போல் யோசிக்கிறவர்களுக்கும் சேர்த்து இந்தப் பெப்ரவரிப் பயணத்தை எழுதுகிறேன். வியாழன் காலை போய்ச் சனி காலை திரும்பினேன். நல்ல பயணம் என்று சொல்ல மாட்டேன்.

முதலில் காணியைப் பற்றி. எனக்கும் மரியதாஸ் அண்ணைக்கும் பொதுவில் இருபத்திரண்டு ஏக்கர். யாழ்ப்பாணக் கணக்கில் முந்நூற்றைம்பத்திரண்டு பரப்பு. ஊரில் இவ்வளவு இருந்திருந்தால் என்னைப் பிடித்திருக்க முடியாது. இங்கே இதைச் சின்னத் துண்டு என்கிறார்கள். அண்ணை மன்னார்க்காரர், வேட்டையில் கெட்டிக்காரர். நவம்பரில் ஒரு மான் சுடுவார், அதற்கு மேல் சுட மாட்டார். நான் சைவம். காணியில் உள்ள சின்ன மரவீட்டில், எங்கள் கபினில், சமைப்பதற்கும் அவரைச் சீண்டுவதற்கும்தான் போவேன். பெப்ரவரியானால் அண்ணை கைவாளை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய் இளம் மேப்பிள் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு வருவார். மானுக்குச் சாப்பாடு என்பார். மரத்தை வெட்டுகிறவர் காடு வளர்க்கிறாராம் என்று நான் சிரிப்பேன். எப்படி, ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

போன இலையுதிர் காலத்தில் அண்ணை கல்கரியில் இருக்கும் மகளோடு போய்ச் சேர்ந்துவிட்டார். என் மனைவி இறந்து மூன்று வருடம். மகள் வன்கூவரில். நோத்ர-டாம்-த-கிரேஸில் என் அப்பார்ட்மென்டில் இருந்துகொண்டு, மூலைக்கடை டெபானரில் பால் வாங்கும்போது சொல்லும் 'பொஞ்சூர்', 'மெர்சி' தவிர ஒரு வார்த்தையும் பேசாமல் படுத்த நாட்கள் உண்டு. இதை ஒளிக்க ஒன்றுமில்லை.

ஜனவரி கடைசியில் முதல் முறையாகத் தனியே காணிக்குப் போனேன். காட்டு ஓரத்தில் ஒரு தாய் மானும் இரண்டு குட்டிகளும் நின்றன. தாய்க்கு இடது காது கிழிந்திருந்தது. மூன்றுக்கும் விலா எலும்பு தெரிந்தது. வாசலுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பி நமக்குப் பழக்கமில்லையே. தீவனக்கடையில் இருபத்தைந்து கிலோச் சோளச் சாக்கு இரண்டு வாங்கி, கபின் யன்னலுக்கு நேர் எதிரே கொட்டினேன். அன்று பின்னேரமே வந்து தின்றன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் சோறும் பருப்பும் சாப்பிட்டேன். மனைவி போன பிறகு நான் தனியே சாப்பிடாத முதல் நேரம் அது. அந்தச் சந்தோஷத்தோடு அடுத்த நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, இந்த முறை, மூன்றாவது சாக்கையும் ஏற்றிக்கொண்டு காலை ஏழு பத்துக்குப் புறப்பட்டேன். டெக்காரி வழியாகப் பதினைந்தாம் நெடுஞ்சாலை. லவால் பாலத்தில் நெரிசலில் இருபத்தைந்து நிமிடம் போனது. பிறகு 117ஆம் வீதி. மோன்-த்ராம்ப்லான் தாண்டி இன்னும் ஐம்பது கிலோமீற்றர் அளவு. மொத்தம் 190 கிலோமீற்றர், மூன்று மணித்தியாலம். போக வரப் பெற்றோல் 58 டொலர். ஊரின் பெயரை எழுதவில்லை, வேட்டைக்காணிக்காரர் யாரும் எழுத மாட்டார்கள். பனி அகற்றும் வண்டி வரும் இடத்தோடு வீதி முடிகிறது. அங்கிருந்து கபினுக்கு 1.2 கிலோமீற்றர் நடை. பனிக்கென்று உள்ள அகலச் சப்பாத்து இல்லாமல் போனால் இடுப்புவரை புதைவீர்கள். அன்று சைபருக்குக் கீழே பத்தொன்பது பாகை. சாக்கைப் பிளாஸ்டிக் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துப் போனேன்.

சோளக் குவியலில் இருந்து முப்பது அடி தள்ளி ஒரு குட்டி செத்துக் கிடந்தது. நரியோ கொயோட்டியோ வயிற்றைக் கிழித்திருந்தது. பட்டினியால்தான் செத்தது, இரண்டு சாக்குப் போதவில்லை, நான் முந்தியே வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது சாக்கை அவிழ்க்கத் தொடங்கினேன்.

அப்போதுதான் பக்கத்துக் காணி ரெஜான் பனியில் ஓடும் ஸ்கிடூ மோட்டார் வண்டியில் வந்து சேர்ந்தார். எழுபது வயது மனிதர். என் பிரெஞ்சுக்கு இரக்கப்பட்டு எப்போதும் மெதுவாகப் பேசுவார். சாக்கை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். குட்டியின் கிழிந்த வயிற்றுப் பக்கம் கூட்டிப் போய் விரலால் காட்டினார். பனியில் மஞ்சளாகச் சோளம். அரைபடாமல், கெடாமல், நான் கொட்டியது கொட்டியபடி.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. பனிக்காலத்தில் மானின் வயிறு சுள்ளிக்கும் மொட்டுக்கும் பழகியிருக்கும். அந்த வயிற்றுக்குள் திடீரென்று சோளம் போனால் புளித்து நஞ்சாகிவிடும். வயிறு நிறைய இருக்கும், மான் செத்துப்போகும். குட்டிகள்தான் முதலில் போகும். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அவர் தோளில் தட்டிவிட்டு, வனவிலங்கு அலுவலகத்துக்குத் தானே அறிவிப்பதாகச் சொன்னார். குவியலில் மிஞ்சியதையும் முழுச் சாக்கையும் அள்ளி ஏற்றிக்கொண்டு தன் கோழிகளுக்குக் கொண்டுபோனார்.

காணியில் போன் எடுக்காது. திரும்பக் காருக்கு நடந்து, பதினான்கு கிலோமீற்றர் ஓட்டி, டெபானர் வாசலில் நிறுத்தி அண்ணைக்கு அடித்தேன். குட்டி செத்ததையும் சோளத்தையும் சொன்னேன்.

"எங்கை கொட்டினனீர்?" என்று கேட்டார்.

"கபினுக்கு முன்னாலை, அண்ணை. யன்னலுக்கு நேரை."

"சீடர்க் காட்டிலை இருந்து அங்கை முந்நூறு மீற்றர். இந்தப் பனியிலை அதுகள் அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்குதுகள். நீர் அதுகளுக்குப் போடேல்லை. உமக்குத்தான் போட்டனீர்."

"ஓம், அண்ணை," என்றேன். உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே ஆளும் மூவாயிரத்து அறுநூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தார்.

பிறகு அவர் வேலையைச் சொன்னார், நான் ரசீதின் பின்பக்கத்தில் எழுதினேன். சீடர் மரங்களில் கை வைக்கக்கூடாது. அவைதான் காற்றையும் பனியையும் மறிக்கும் கூரை, மான்கள் பனிக்காலம் முழுவதும் அதற்குள்தான் கிடக்கும். அந்தக் காட்டின் விளிம்பில், சீடர்களில் இருந்து நாற்பது ஐம்பது அடிக்குள், மணிக்கட்டுத் தடிப்பில் நிற்கும் மேப்பிளை முழங்கால் உயரத்தில் வெட்ட வேண்டும். மானுக்கு எட்டாத உச்சிச் சுள்ளி அப்படியே நிலத்துக்கு வந்துவிடும். வசந்தத்தில் அடிக்கட்டை துளிர்க்கும்; சில வருடத்துக்கு அதுவும் தீனி. பழகின வயிற்றுக்குப் பழகின சாப்பாடு. இத்தனை வருடம் நான் சிரித்த சிரிப்பு ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது.

"வெட்டிப்போட்டு வாரும்," என்றார் அண்ணை. "தின்னுதோ எண்டு பாக்கப் போகாதையும். உம்மைக் கண்டால் ஓடும். ஓடினால் உடம்பிலை மிஞ்சியிருக்கிற கொழுப்பும் போயிடும். மாசி பங்குனி தாண்டாது."

வெள்ளிக்கிழமை ஒன்பது மணியில் இருந்து இரண்டரை வரை வெட்டினேன். முப்பத்தேழு மரம். அறுபத்தொரு வயதுத் தோளுக்கு அது அதிகம். நீங்கள் இரண்டு பேராகப் போங்கள். ஒவ்வொரு மரமும் சாயும்போது இது சரியா என்று மனம் அடித்துக்கொண்டது. கடைசி மரத்துக்குக் கிட்டச் சீடர்களுக்குள் ஏதோ அசைந்தது. கிழிந்த காது தெரிந்தது. தாய். அதன் பின்னால் இன்னொரு நிழல், குட்டியாக இருக்கலாம், விழுந்த மரமாகவும் இருக்கலாம். இரண்டு அடி வலப்பக்கம் எடுத்து வைத்தால் தெரிந்துவிடும். அந்தக் குட்டியும் சோளம் தின்றதுதான். இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமல் அந்த இரண்டு அடியையும் வைக்காமல் நின்றது, என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலைகளில் ஒன்று. வாளை மடித்துக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பினேன்.

அன்று பின்னேரம் கபின் முன்னால் ஒன்றும் வரவில்லை. வரக்கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு வெட்டினேன். ஆனாலும் இருட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

போக நினைக்கிறவர்களுக்கு: கார் டாங்கியை த்ராம்ப்லானில் நிரப்புங்கள். மரம் வெட்ட முன் உங்கள் நகரசபையிடம் அனுமதி வேண்டுமா என்று கேளுங்கள். பல இடங்களில் மானுக்குத் தீனி வைப்பதே தடை. தடையில்லாத இடத்திலும் வைக்காதீர்கள். சங்கிலி வாள் வேண்டாம், நல்ல கைவாள் போதும், முப்பத்தைந்து டொலருக்குள் கிடைக்கும். மானைக் கண்ணால் பார்ப்பதுதான் ஆசை என்றால் காணி வாங்கத் தேவையில்லை, மொன்றியலுக்கு அக்கரையில் உள்ள லொங்குய்ய் பூங்காவிலேயே பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம். காணி வாங்கினால், மான் இருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் இருக்க முடியாது.

சனி காலை பத்து மணிக்குப் புறப்பட்டேன். கபினில் இருந்து காருக்கு வரும் பாதையில் ஓரிடத்தில் இடப்பக்கம் திரும்பினால், நான் வெட்டிய இடம் இருநூறு அடி. புதுத் தடம் இருக்கிறதா, பெரியதோடு சின்னத் தடமும் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும். அங்கே நின்றேன். பிறகு நேரே நடந்தேன். இனிப் போவது மே மாதம், பனி கரைந்த பிறகு. அதுவரை அந்தக் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று என்னிடம் கேட்காதீர்கள்.