கதவைச் சாத்தியவன்

அறிவழகனை எனக்குப் பிடிக்காது. நேரில் ‘அண்ணே’ என்பேன். மனசுக்குள் வேறு பெயர். மரக்காணம் உப்பளத்தில் மோட்டார் பழுது பார்த்தே வளர்ந்த ஆள். புது மோட்டார் வாங்கச் சொன்னால் அவன் குடும்பத்தையே திட்டியதுபோல் முறைப்பான். கல்யாணச் சீராக வந்த மிக்சியை இன்னமும் பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறான். பாவம், அவன் மனைவி.

மனிதரை விண்வெளிக்கு ஏற்றிப்போய்த் திரும்ப இறக்கும் கலம் ஒன்றை ஒரு தனியார் நிறுவனம் செய்துகொண்டிருந்தது. அதன் மாதிரியை எங்கள் கடலில் மிதக்கவிட்டு, உள்ளே இருப்பவர் கதவைத் திறந்து வெளியே வருகிறாரா என்று பார்ப்பார்கள். கலத்தைக் கழுவிப் பராமரிக்க அறிவழகன். நீச்சல் தெரியும் என்பதால் உள்ளே உட்கார நான்.

அந்த நிறுவனத்தின் பொறியாளர் நிவேதா மேடத்திடம் கேட்டதையெல்லாம் அறிவழகன் சொந்தச் சரக்குபோல் அளப்பான்.

“டேய் தேவா, புதுக் கலத்துல எங்க குறை இருக்குதுன்னு எவனுக்குத் தெரியும்? போய்ட்டு வந்ததுதான் காட்டும். ஒவ்வொரு வாட்டியும் புதுசு செஞ்சா கட்டுப்படியாவுமா?”

“றெக்க வெச்சு ரன்வேல எறக்கலாமில்ல?”

“மேல போறப்ப அந்த றெக்க வெறும் சொமைடா. கடல்ல விழுறதுதான் லேசு.”

மேடம் குறுக்கிட்டார். “லேசுதான். ஆனா உப்பு ஏறிடும். மேலேருந்து எறங்கறப்ப வர்ற சூட்டுல அடியில இருக்கிற கவசமும் தேயும். ஒவ்வொரு தடவையும் பிரிச்சுப் பாக்கணும். அந்த வேலையே புதுசு செய்யற அளவுக்குப் போயிடும். டேங்கர்ல வர்ற நல்ல தண்ணியிலதான் கழுவணும், அண்ணா.”

பெரிதாகத் தலையாட்டினான். டேங்கர் வராத அன்று ஷெட்டிலிருந்த போர் தண்ணீரில் கழுவினான். பிறந்ததிலிருந்து உப்பளத் தண்ணீரிலேயே புழங்கியவனுக்கு அது கரிப்பாகவே தெரியவில்லை. பளபளவென்று துடைத்துவிட்டு எங்களிடம் பெருமை வேறு. கதவுத் தாழ்ப்பாளின் இடுக்கில் உப்பு காய்ந்து இறுகியதை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த சோதனையில் கதவு திறக்கவில்லை. அலை உருட்டியது. உள்ளே வெக்கை, வாந்தி, மூச்சு முட்டியது. கைப்பிடியை உதைத்து உதைத்துக் கால் வீங்கியது. செத்தேன் என்றே நினைத்தேன். வெளியிலிருந்து கடப்பாரையால் நெம்பித்தான் என்னை எடுத்தார்கள். கரையில் அறிவழகன் சொன்ன முதல் வார்த்தை, “கதவ கெடுத்துட்டீங்களே!” நான் அடிக்கப் பாய்ந்தேன், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

கலத்தை ஒதுக்கிவிடலாம் என்றார் மேடம். அவன் விடவில்லை. தாழ்ப்பாளை மாற்றி, டேங்கர் தண்ணீரில் கழுவி, மேடத்தையும் பார்க்கச் சொன்னான்.

“இதுக்கு ஒண்ணும் ஆவல. இந்த வாட்டி நானே ஏறுறேன்.”

“ஏறுண்ணே” என்றேன். கதவை நானே ஓங்கிச் சாத்தினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

நேரம் முடிந்ததும் அவன் உள்ளிருந்து திருப்ப, கதவு சுலபமாகத் திறந்தது. ஆனால் அவன் வெளியே வரவில்லை. படகிலிருந்து எட்டிப் பார்த்தேன். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்தபடி வேர்த்து நனைந்து கிடந்தான். விரல்கள் மரத்துப்போய் விட மறுத்தன. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன்.

“நீ சாத்தினதுலேர்ந்து புடிச்சிட்டே இருந்தேன்டா” என்றான். பிறகு என் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டான். “நீ இனிமே இதுல ஏறாத.”

“இத அன்னிக்கு நான் ஏறுறதுக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்.”

கையை உதறிவிட்டுப் படகின் மறுமுனைக்குப் போய் உட்கார்ந்தேன்.