மெக்கானிக்ஸ் பேப்பரில் கர்த்தர் என் பக்கம் நின்றார்

தொண்ணூறுகளின் கடைசி. பி.எஸ்ஸி. கணிதத்தில் எனக்கு மெக்கானிக்ஸ் பேப்பர் மட்டும் இரண்டு முறை போனது. திருப்புலிவனம் காலனியிலிருந்து காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறிப் படிக்கப்போன முதல் பெண் நான். எங்கள் விரிவுரையாளர் வகுப்பிலேயே சொன்னார்: "உங்க ஆளுங்களுக்கு இதெல்லாம் ஏறாதும்மா. எதுக்கு வீணா?"

நாற்று நட்டுவிட்டு வந்த அம்மாவும் சோர்ந்துபோனார்கள். "வுட்டுடு எஸ்தரு. இந்த தபாவும் போச்சின்னா உங்க நைனா மாப்ள பாத்துடுவாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

சூத்திரங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் சுழலும் கம்பியில் கோத்த மணி நழுவிப்போகிறது என்று கேள்வி வந்தால் கை நின்றுவிடும். எக்ஸ், ஒய் என்று போட்டால் சைனும் காஸும் பக்கம் பக்கமாகச் சிக்கும். மையத்திலிருந்து தூரம், திரும்பிய கோணம் என்று போலார் முறையில் போட்டால் சுலபம் என்பார்கள். அதில் பக்கவாட்டு முடுக்கத்தில் ஒரு 'இரண்டு' வரும். அது எங்கிருந்து வருகிறது என்றே எனக்கு விளங்கவில்லை.

ஒரு மத்தியானம் ஆலயத்தில் தனியாக நின்றேன். முழங்காலிடவில்லை. "ஆண்டவரே, புத்தி கொடுத்தது நீர்தானே? பிறகு ஏன் அந்த மனுஷன் சொன்னது ஜெயிக்கவேண்டும்? பதில் சொல்லும்" என்று சண்டை போட்டேன்.

அந்த ஞாயிறு அறுப்பின் பண்டிகை. ஆலய வளாகத்தில் கையால் சுற்றும் தட்டு ராட்டினம் போட்டிருந்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த அக்கா மகள் பயந்து அழுதாள். அவளைத் தூக்க, சுற்றும்போதே ஓரத்தில் ஏறி நடுவை நோக்கி நடந்தேன். யாரோ பக்கவாட்டில் தள்ளியதுபோல் சாய்ந்தேன்.

"யாருங்க தள்றது?"

ராட்டினக்காரர் சிரித்தார். "யாரும் தள்ளலம்மா. அது சுத்திக்கினே கீது இல்ல? நீ நடந்தா அப்டித்தான் இழுக்கும்."

அப்படியே நின்றுவிட்டேன். நான் நடக்கும் திசையையே தட்டு திருப்புகிறது. அது ஒன்று. உள்ளே போகப்போகக் காலடியில் தட்டின் வேகம் குறைகிறது. அது இன்னொன்று. ஒன்றும் ஒன்றும் சேர்ந்துதான் அந்த 'இரண்டு'! குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே "ஸ்தோத்திரம்!" என்று கத்தினேன்.

தேர்வில் சுழலும் கம்பிதான் வந்தது. போலாரில் போட்டேன். அரைப் பக்கத்தில் விடை. பாஸானேன். அப்பா மாப்பிள்ளைப் பேச்சை நிறுத்தினார். இன்று பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன்.

அது தற்செயல் என்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். நான் கேட்டேன், அவர் பதில் சொன்னார்.

அன்பானவர்களே, அழுது களைத்துவிட்டீர்களா? எழுந்து நின்று கேளுங்கள். உரிமையோடு கேளுங்கள். பிள்ளை குரலை உயர்த்தினால் கோபித்துக்கொள்கிற தகப்பன் அல்ல அவர்.