கடைசித் துண்டை எடுக்காதவள்

"இந்த ஊர்ல எவளோட டிரேயிலயும் கடைசித் துண்டை நான் எடுத்தது கிடையாது. எடுக்கத் தோணுற மாதிரி எவளும் சமைச்சதும் கிடையாது."

ஆர்டிஸ் ஹாக்லண்ட் இப்படி அறிவித்தபோது, லுத்தரன் சபையின் நிலவறைக் கூடத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மறுத்துப் பேசுகிற வழக்கம் இல்லை. காபியில் இன்னும் கொஞ்சம் பால் விட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

அது சாதாரணப் பேச்சில்லை என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் சபை விருந்தில், எந்த டிரேயிலும் கடைசித் துண்டை எவரும் முழுசாக எடுப்பதில்லை. முதலில் வருபவர் அதைப் பாதியாக வெட்டிப் பாதியை வைத்துவிட்டுப் போவார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. இப்படியே தேய்ந்து தேய்ந்து, கடைசியில் எறும்புக்கே பற்றாத ஒரு துணுக்கு டிரேயின் நடுவே கொலு வீற்றிருக்கும். அதையும் எடுத்து வாயில் போடுகிறவன் ஒன்று குடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிகாகோக்காரனாக இருக்க வேண்டும்.

ஆர்டிஸின் பெருமை எல்லாம் ஸ்லைடர் என்கிற குட்டி சாண்ட்விச்சில் இருந்தது. ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்த குட்டி இனிப்புப் பன்களைப் பிரிக்காமல், பலகைபோல இரண்டாக அறுப்பாள். நடுவில் மெல்லிசாகச் சீவிய மாட்டிறைச்சி ரோஸ்ட், அதன்மேல் சீஸ். வெங்காயமும் கசகசாவும் போட்டு உருக்கிய வெண்ணெயை மழைபோல் பொழிந்து, அலுமினியத் தாளால் மூடி ஓவனில் தள்ளுவாள். ஞானஸ்நானமோ துக்க வீடோ, கால்பந்து மேட்சோ, ஆர்டிஸின் டிரே வந்து இறங்காத மேஜை கிடையாது. ஒவ்வொரு முறையும் அந்த டிரே துடைத்ததுபோல் காலியாகத்தான் வீடு திரும்பியது. கவர்னருக்குக்கூட இந்த அளவு ஆதரவு இருந்ததில்லை.

பிறகு ஜனெல் வந்தாள்.

மிசூரியிலிருந்து புதிதாக வந்த மாட்டு டாக்டரின் மனைவி. பல் வரிசை, புல்தரை, பிள்ளைகளின் சட்டைக் காலர் எல்லாம் நேர்த்தி. இதற்காக ஆர்டிஸ் அவள்மேல் பொறாமைப்பட்டாள் என்று சொன்னால் அபாண்டம். அவள் அதை அக்கறை என்றே நினைத்துக்கொண்டாள். அந்த அக்கறையினால்தான் மளிகைக்கடைக்குப் போகும்போதெல்லாம் சுற்றுவழியாக ஜனெலின் வீட்டைத் தாண்டிப் போனாள், திரைச்சீலை கோணலாகத் தொங்குகிறதா என்று பார்க்க. ஒருநாளும் தொங்கவில்லை. ஆர்டிஸுக்கு அன்றன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்படிப்பட்டவள் தன் முதல் சபை விருந்துக்கே மாட்டிறைச்சி ஸ்லைடர் கொண்டுவந்தாள். ஒருத்தி பல வருஷமாகக் கொண்டுவரும் பண்டத்தை இன்னொருத்தி கொண்டுவருவது, அந்த ஊரில் ஆள் இருக்கும்போதே அவன் நாற்காலியில் உட்காருவதற்குச் சமம். மிசூரியில் இதெல்லாம் சொல்லித் தருவதில்லை போலும்.

"எப்படி இருக்கு ஆர்டிஸ்?" என்று ஜனெல் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"வித்தியாசமா இருக்கு" என்றாள் ஆர்டிஸ், ஒரு விள்ளல்கூட வாயில் வைக்காமல். அயோவாவில் சமையலைப் பற்றி இதைவிடக் கொடிய வசவு கிடையாது. ஜனெல் நன்றி சொன்னாள்.

மே மாதம் ஆர்டிஸின் மகள் கிரெட்டா பள்ளிப்படிப்பை முடித்தாள். அந்த ஊர் வழக்கப்படி காரை வெளியே நிறுத்தி, காரேஜைக் கழுவி, ஊரையே கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும். ஆர்டிஸ் இறைச்சிக்குச் சொல்லிவைக்கக் கிளம்பும்போது கிரெட்டா சொன்னாள்:

"அம்மா, ஸ்லைடர் ஜனெல் ஆன்ட்டி செஞ்சு எடுத்துட்டு வர்றாங்க."

"அவளை யாரு கேட்டா?"

"நான்தான் கேட்டேன்."

"உங்கம்மா செத்துட்டான்னு சொல்லிக் கேட்டியா?"

"ஐயோ அம்மா! உனக்கு வேலை குறையட்டும்னுதான். நீ அந்தப் பச்சை ஜெல்லி செய்யேன், கேரட் துருவிப் போடுவியே."

ஜெல்லி என்பது மனைவியை இழந்த ஆண்களிடம் சபை ஒப்படைக்கும் பொறுப்பு. வெந்நீர் கொதிக்க வைக்கத் தெரிந்தால் போதும். சொந்த மகளின் விருந்தில், சொந்தக் காரேஜில், ஆர்டிஸ் ஜெல்லிக்கு இறக்கப்பட்டாள். அன்று ராத்திரி கணவன் ட்வெய்னிடம், "பன்னு பத்தாமப் போயிட்டா ஊர் சிரிக்கும். நானும் ஒரு டிரே போட்டு வைக்கிறேன்" என்றாள். ட்வெய்ன் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான்.

விருந்தன்று ஆர்டிஸ் தன் டிரேயை மேஜையின் முகப்பில் வைத்தாள். ஜனெலின் டிரேக்கு ஊறுகாய் ஜாடிக்கும் பெரிய காபி கேனுக்கும் இடையில் ஓர் இடம் கண்டுபிடித்தாள். கேனை இன்னும் ஒரு சாண் முன்னால் தள்ளியபோது டிரே சுத்தமாக மறைந்தது. இதிலும் அக்கறையைத் தவிர வேறொன்றும் இல்லை.

சபைச் சமையலறையை ஆளுகிற லவோன் கிழவி முதலில் வந்தாள்.

"அடியே ஆர்டிஸ், இந்தக் கேனைக் கொஞ்சம் நகர்த்து. கை எட்டல."

"ஸ்லைடர் இங்கயே இருக்கே, லவோன்."

"இருக்கு, பாத்தேன். ரொம்ப அழகா இருக்கு" என்றபடி கிழவி கேனைச் சுற்றிக் கையை நீட்டினாள். எழுபது வயதில் அந்தக் கை அவ்வளவு வளையும் என்று யாருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு வந்தவர்களும் ஆர்டிஸின் டிரேயைக் கும்பிடாத குறையாகப் பார்த்துவிட்டு, கேனுக்குப் பின்னால் போனார்கள். போதகர் இரண்டு தடவை போனார். ஆர்டிஸ் சிரித்தபடி நின்றாள். 

கடைசியாக ட்வெய்ன் வந்தான், தட்டில் இரண்டு ஸ்லைடருடன்.

"அது எங்கேருந்து எடுத்தது?"

ட்வெய்ன் மென்றதை விழுங்கினான். "அந்தப் பக்கமா..."

"என்னுது இங்க மலைமாதிரி இருக்கு, கண்ணு தெரியலையா?"

"உன்னுதை அப்புறம் சாப்பிடுறேன் ஆர்டிஸ். எப்பவும் கடைசியில நான்தானே சாப்பிடுறேன்."

சொல்லி முடித்ததும் ட்வெய்னின் காது சிவந்தது. ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"எப்பவுமா?"

"மிஞ்சினா மட்டும்தான். நீ பாத்திரம் கழுவப் போறப்ப, நான் கார்ல உக்காந்து... நீ மனசு கஷ்டப்படுவியேன்னு. எனக்கு அது பிடிக்கும் ஆர்டிஸ், சத்தியமா. அடிப்பக்கம் ஊறிப்போய்க் கொழகொழன்னு இருந்தாலும் எனக்குப் பிடிக்கும்."

"கொழகொழன்னா?"

ட்வெய்னுக்குத் திடீரென்று வெளியே ஐஸ் பெட்டியில் ஏதோ வேலை இருந்தது.

ஆர்டிஸ் அப்படியே நின்றாள். இத்தனை வருஷம் காலியாக வீடு திரும்பிய டிரேக்கள் எல்லாம் கண்முன் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் பெல்ட்டைத் தளர்த்தியபடி ட்வெய்ன் நின்றான். தன் டிரேயிலிருந்து ஒன்றை எடுத்துத் தூக்கிப் பார்த்தாள். மேல் பாதி கையோடு வந்தது. கீழ்ப் பாதி வெண்ணெயில் ஊறி, வர மறுத்து அங்கேயே படுத்துக்கொண்டது.

வெளியே கிரெட்டா கத்தினாள். "எல்லாரும் முற்றத்துக்கு வாங்க! போட்டோ எடுக்கணும்!"

நாற்காலிகள் கிறீச்சிட, காரேஜ் காலியானது. ஜனெல் வாசலில் திரும்பிப் பார்த்தாள். "வரலையா ஆர்டிஸ்?"

"நீங்க போங்க. இதை ஒதுங்க வச்சிட்டு வந்துடறேன்."

காலடிச் சத்தம் ஓயும்வரை மேஜைவிரிப்பைச் சரிசெய்தாள். பிறகு காபி கேனை மெல்ல நகர்த்தினாள். ஜனெலின் டிரேயில் கடைசித் துண்டு இருந்தது. ஊரே முறைவைத்து வெட்டி வெட்டி, கட்டைவிரல் நகத்தளவுக்கு வந்திருந்தது. பக்கத்தில் கத்தி.

ஆர்டிஸ் பழக்கதோஷத்தில் கத்தியை எடுத்துப் பாதியாக்கப் பார்த்தாள். கத்தி வைக்க இடமில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். வாசலை ஒருமுறை பார்த்தாள். துண்டை எடுத்து வாயில் போட்டாள்.

அடிப்பக்கம் மொறுமொறுவென்று உடைந்தது. கீழ்ப் பன்னை மட்டும் முதலில் தனியாக வாட்டியிருக்கிறாள், பாவி.

"அம்மா! உனக்காகத்தான் நிக்கிறோம்!"

"இதோ!" என்றாள் ஆர்டிஸ். டிரேயின் மூலையில், தீய்ந்த சீஸோடு ஒரு கசகசா ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் விரலால் சுரண்டி எடுத்தாள்.