கண்ணாடி இறக்கிய வண்டி

கிணத்துக்கடவு தாண்டி மெயின் ரோட்டோரம் ஒரு ஓட்டல். அதன் முன்னால், நிழல் என்று பேருக்குக்கூட ஒன்றுமில்லாத வெட்டவெளியில், மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் மிஷின் நிற்கிறது. ஒன்றே ஒன்று. 'மின்வண்டிக்கு மட்டும்' என்று தரையில் பச்சைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தின் மேலேயே ஒரு பெரிய டீசல் வண்டியை நிறுத்திவிட்டு, அதன் சொந்தக்காரர் உள்ளே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே ராசாத்தாளின் சின்னக் காரில், பின்சீட்டில் சென்னகேசவன் ஐயா சாய்ந்து கிடந்தார். கோயமுத்தூரில் டயாலிசிஸ் முடித்துத் திரும்புகிற மனுஷன். ரத்தத்தை வெளியே எடுத்து அலசி மறுபடி உள்ளே விட்ட உடம்பு, பிழிந்துபோட்ட துணி மாதிரி துவண்டிருந்தது. ஆனைமலைப் பக்கம் இருக்கும் அவருடைய தோட்டத்துக்குப் போய்ச் சேர வண்டியில் சார்ஜ் போதாது. இங்கே ஏற்றினால்தான் உண்டு.

ராசாத்தாள் ஓட்டலுக்குள் போனாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு ஒன்று தெரியும். கோபம் ஏற ஏற அவள் வாயில் மரியாதையும் ஏறும். சாதாரணமாகப் பேசும்போது ஒரு 'ங்க' போடுகிறவள், கோபம் வந்தால் சொல்லுக்குச் சொல் போடுவாள். அப்போது எதிரே இருப்பவன் ஓடிப்போவது நல்லது.

"ஏனுங்க, உங்க வண்டி கரண்ட்டுல ஓடறதுங்களா?" என்று கேட்டாள்.

டீசலுங்க என்றார் அவர், இலையிலிருந்து தலையைத் தூக்காமல்.

"அப்பிடிங்களா. கரண்ட்டு மிஷினுக்குப் பக்கத்துல நிறுத்தி வெச்சிருக்கீங்களே, அதுவும் சித்த குடிச்சுப் பழகட்டும்னு உட்டுட்டீங்களாக்கும்னு நெனச்சனுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க. மோர் ஊத்திச் சாப்பிட்டுப்போட்டு வாங்க. என்ற வண்டியில ஒருத்தர் உசுரக் கையில புடிச்சுட்டுக் கெடக்கறாருங்க. அவரு நீங்க கை கழுவற வரைக்கும் புடிச்சுட்டே இருப்பாருங்க."

ஓட்டல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மனுஷன் பாதிச் சோற்றில் எழுந்து வந்து வண்டியை எடுத்தார். அதற்கப்புறமும் சார்ஜ் ஏறி முடிய நெடுநேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் பெரியவர் வெயிலில் கண்ணை மூடிக் கிடந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இந்த ராசாத்தாள் பிறந்தது பல்லடத்துப் பக்கம், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில். கல்யாணமாகிப் பொள்ளாச்சிக்கு வந்தவள். புருஷன் தம்பிதுரை தேங்காய் லோடு லாரி ஓட்டுகிறவர். மாமனார் வீட்டு டிராக்டரில் ஏறி உட்கார்ந்து ஓட்டப் பழகினாள். பிறகு பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். வேனுக்கு முன்னால் போகிற பஸ்காரன்கூட அவள் ஆரன் சத்தத்தைக் கேட்டால் ஒதுங்குவான். நாற்பது வயது தாண்டியதும், ஒருவனுக்குக் கீழே வேலை செய்தது போதும் என்று ஒரு மின்சாரக் காரை, பழைய வண்டிதான், ஷோரூமில் வாங்கினாள். டீசல் போடுகிறவன் முகத்தில் முழிக்க வேண்டாம், வீட்டிலேயே வயரைச் சொருகிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஷோரூம்காரன் முழுச் சார்ஜில் இருநூறு கிலோமீட்டர் என்றான். அதை எங்கே ஓட்டிப் பார்த்து எழுதினானோ. காற்றில்லாமல், மேடில்லாமல், உள்ளே ஆளில்லாமல் ஓட்டினால் வந்திருக்கும். ஆனைமலைப் பக்கமிருந்து கோயமுத்தூர் போய்த் திரும்ப அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தால் போதும். ஆடி மாதத்தில் அதற்கே வண்டி ததிங்கிணத்தோம் போட்டது.

வாரத்தில் மூன்று நாள் பெரியவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவதுதான் அவளுடைய முக்கிய ஓட்டம். பெரியவர் நாயுடு வீட்டு ஆள். மில்லில் பங்கு வைத்திருந்து, விட்டுவிட்டு, தென்னந்தோப்போடு ஒதுங்கியவர். மனைவி இல்லை. மகள் ஹாரிகா பெங்களூரில் இருக்கிறாள். நல்ல பெண்தான், அப்பாமேல் உசுர். ஆனால் ஓட்டல் வெயிலில் அப்பா கிடந்த சங்கதி அவள் காதுக்குப் போனதும் போனில் அழுதுவிட்டாள். அக்கா, இன்னொரு தடவை வழியில் நின்றால் நைனாவை நான் பெங்களூருக்கே கூட்டிவந்துவிடுவேன், ஆஸ்பத்திரி அபார்ட்மெண்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் தானே வந்து கூட உட்கார்ந்து பார்க்கப்போவதாகவும் சொன்னாள்.

பெரியவர் அதைக் கேட்டு, சரிதானுங்க, பொண்ணு சொல்றாப்பல செய்யலாமுங்க என்றார். சொல்லும்போது அவர் பார்வை தோப்பைச் சுற்றி ஒரு வட்டம் போய் வந்தது. மகளுடைய அபார்ட்மெண்டில், பதினாலாவது மாடியில், அந்த மனுஷன் எத்தனை நாள் தாங்குவார் என்று ராசாத்தாளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். மரியாதைக்காகச் சாவதற்குக்கூடத் தயாராக இருக்கிற மனுஷனை என்ன செய்வது.

ராசாத்தாள் நேரே ஷோரூம் சர்வீஸுக்குப் போனாள். அங்கே கழுத்துப்பட்டை மாட்டிய ஒருவன் கம்ப்யூட்டரில் வயரைச் சொருகிப் பார்த்துவிட்டு, பேட்டரி நன்றாக இருக்கிறது, ஓட்டுகிற கால்தான் சரியில்லை என்றான். பொம்பளைங்க ஓட்டுனா கொஞ்சம் அப்பிடித்தான், ஆக்சிலேட்டரை அமுத்தி அமுத்தி விடுவாங்க என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிச் சிரித்தான். டயரை ஒருத்தன் தொட்டுப் பார்க்கவில்லை. டிக்கியைத் திறக்கவில்லை. எந்த ரோட்டில், எந்தக் காற்றில் ஓடுகிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏசி போடுவீங்களா என்று மட்டும் கேட்டான். போடறதே இல்லீங்க என்று ராசாத்தாள் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாள். வெரி குட் என்றான் அவன்.

"நல்லதுங்க தம்பி. என்ற காலு டிராக்டர் ஓட்டுச்சுங்க, வேன் ஓட்டுச்சுங்க, ஒருத்தரும் குத்தம் சொல்லலீங்க. உங்க காலு இந்தச் சேர விட்டு எறங்கி ரோட்டுக்கு வந்திருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வழி நெடுக அவளுக்குக் காது கொதித்தது.

அடுத்த நடை. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து, மேற்கேயிருந்து வண்டியை விலாவில் அறைந்தது. வழக்கம்போல நாலு கண்ணாடியும் இறக்கியிருந்தது. பெரியவர் தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். பாவம், சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று அவள் வேகம் பிடித்தாள். வேகம் பிடிக்கப் பிடிக்கச் சார்ஜ் முள் விழுந்தது. தோட்டத்து வாசலுக்கு வந்தபோது வண்டி, சார்ஜ் தீரப்போகிறது என்று சொல்லும் ஆமை விளக்கைக் காட்டிக்கொண்டு ஊர்ந்து வந்தது.

அதற்கடுத்த நடையில் மழை பிடித்துக்கொண்டது. சாரல் உள்ளே அடிக்கவும் வேறு வழியில்லாமல் கண்ணாடிகளை ஏற்றினாள். முன் கண்ணாடியில் ஆவி படிந்து ரோடு தெரியவில்லை. வாய்க்குள் திட்டிக்கொண்டே ஏசியைப் போட்டாள். இன்றைக்குக் கிணத்துக்கடவுகூடப் போய்ச் சேராது என்று முடிவே கட்டிவிட்டாள். பெரியவர் துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். அவர் வண்டியில் தூங்கி அவள் பார்த்ததே இல்லை. எழுப்பிவிடக் கூடாதென்று மெல்ல, ஒரே சீராக ஓட்டினாள். தோட்டத்துக்கு வந்து பார்த்தால் முள்ளில் இன்னும் பொள்ளாச்சி போய் வரச் சார்ஜ் இருந்தது.

மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஷோரூம்காரனுக்கு மனசுக்குள் இன்னும் நாலு வசவு விழுந்தது. அடுத்த நடைக்கு மழையே இல்லை. இருந்தும் வேண்டுமென்றே கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, நிதானமாக ஓட்டிப் பார்த்தாள். மீட்டர் அதையேதான் சொன்னது.

தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவள் திரும்பி உட்கார்ந்தாள்.

"ஏனுங்கய்யா, ஒண்ணு கேக்கறனுங்க. மொத நாளு ஏசி வேண்டாமுங்க, காத்தே போதுமுங்கன்னு சொன்னீங்களே. எதுக்குங்க?"

பெரியவர் தயங்கினார். "நீங்க மீட்டரையே பாத்துட்டு இருந்தீங்க அம்மணி. ஏசி போட்டாச் சார்ஜ் போயிருமாட்டம் இருக்குது, நம்மளால உங்களுக்கு எதுக்குச் செரமம்னு சொன்னேன்."

"அப்ப அந்தக் காத்து உங்களுக்குப் புடிக்குதுங்களா?"

"காதுக்குள்ள ஊசி போட்டு இழுக்கறாப்பல இருக்குதுங்க."

"இத்தன நாளும் துண்டக் கட்டிட்டுச் சும்மா உக்காந்திருந்தீங்களே. உங்களுக்கு ஏசி ஆகாதாக்கும்னு நான் வேர்வையில குளிச்சுட்டு ஓட்டறனுங்க. நீங்க காதப் பொத்தீட்டு வாரீங்க. தொறந்த கண்ணாடியில காத்துப் பூந்து வண்டியப் பின்னால புடிச்சு இழுக்குது. ஏசிக்குப் போறத விட அதுக்குத்தானுங்க கரண்ட்டு போகுது. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னங்க கேடு?"

அவள் பெரியவரிடம் இப்படிப் பேசியதே இல்லை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் அவருக்கும் உள்ளே ஏதோ ஒன்று அவிழ்ந்துகொண்டது. வண்டி ஏன் இப்படி அலைபாய்கிறது, டயர் சப்பையாகத் தெரிகிறதே என்று கேட்டார். ரோட்டுக் குழி உங்கள் முதுகுக்கு உறைக்கக் கூடாதென்று காற்றைக் குறைத்து வைத்திருக்கிறேன் என்றாள் அவள்.

"நான் எப்ப அம்மணி முதுகு வலிக்குதுன்னு சொன்னேன்? காத்துக் கம்மியா இருந்தா டயரு ரோட்டோட ஒட்டீட்டு வராதுங்களா? மாட்டு வண்டி அச்சுக்கு மை போடாம ஓட்டுனாப்பல."

அதோடு நிற்கவில்லை, தேங்காய்ச் சங்கதியும் வெளியே வந்தது. காலையில் வண்டி கிளம்பும்போதே தோட்டத்து ஆள் ஒரு மூட்டைத் தேங்காயை டிக்கியில் ஏற்றிவிடுவான். மத்தியானத்துக்கு மேல் அவன் இருக்க மாட்டான் என்பதால் காலையிலேயே ஏற்றுவது பழக்கம். வெறும் டிக்கியோடு அனுப்பினால் மரியாதையா என்று பெரியவரின் உத்தரவு. அந்த மூட்டை கோயமுத்தூர் போய், ஆஸ்பத்திரி நிழலில் படுத்திருந்து, திரும்பி வந்து, ராசாத்தாள் வீட்டுக்குப் போகும். அவள் வீட்டில் தேங்காய் வைக்க இடமில்லாமல் கட்டிலுக்கடியில் குவிந்து கிடந்தது. தம்பிதுரை ஊரான் வீட்டுத் தேங்காயை நாளெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், கட்டிலுக்கடியில் இதன்மேல் காலிடித்துக்கொண்டு நிற்பார். வேண்டாமுங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வந்ததில்லை. கொடுக்காமல் விட்டால் அவள் மனசு சங்கடப்படும் என்று அவர் நினைத்திருந்தார்.

ராசாத்தாளுக்கு அன்றைக்கு யார்மேல் ஆத்திரப்படுவது என்றே புரியவில்லை. ஷோரூம்காரன்மேல் இருந்தது அப்படியேதான் இருந்தது. இருநூறு என்று புளுகினவன் புளுகினவன்தான், காலைக் குறை சொன்னவனை அவள் சாகும்வரை மன்னிக்கப்போவதில்லை. ஆனால் மிச்சத்தை அவர்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து, ஒருத்தர் மனம் இன்னொருத்தரால் கோணக் கூடாதென்று, அத்தனை மரியாதையாகக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு உசுரைத் தோப்பைவிட்டுப் பிடுங்கி மாடிமேல் வைக்கிற அளவுக்கு.

அன்றைக்குச் சாயந்திரமே பஞ்சர் கடையில் நாலு டயருக்கும் கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்றடித்தாள்.

ஹாரிகா வந்த நாளில் காற்று பேயாட்டம் ஆடியது. ரோட்டோரத்துத் தென்னை மட்டைகள் எல்லாம் கிழக்கே பார்த்துப் பறந்துகொண்டிருந்தன. மூன்று பேர், மூடிய கண்ணாடி, ஏசி, காலி டிக்கி. தேங்காய் மூட்டையோடு வந்த ஆளைப் பெரியவரே வேண்டாமென்று திருப்பி அனுப்பினார். அப்படிச் சொல்வதற்குள் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. திரும்பி வரும்போது ஹாரிகா முன்சீட்டில் உட்கார்ந்து மீட்டரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ராசாத்தாள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. வண்டி நின்றுவிட்டால் பேசுவதற்கு ஒன்றுமில்லை, நிற்காவிட்டால் பேச வேண்டிய அவசியமில்லை. கிணத்துக்கடவு போயிற்று. பொள்ளாச்சி போயிற்று. வண்டி எங்கேயும் நிற்காமல் தோட்டத்து வாசலுக்குள் திரும்பியது. சார்ஜ் மிச்சமிருந்தது.

ஹாரிகா இறங்கிப் பின்கதவைத் திறந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் தோப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"சரி நைனா. இங்கயே இருங்க," என்றாள். பிறகு ராசாத்தாளிடம், "அக்கா, நீங்களே கூட்டிட்டுப் போயிட்டு வாங்க," என்றாள்.

பெரியவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இரண்டடி நடந்தார். பிறகு நின்று திரும்பினார்.

"அம்மணி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்காதீங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுக்கறீங்க பாருங்க, அப்பல்லாம் வண்டி வெடுக்குனு புடிச்சு இழுக்குதுங்க. எனக்குக் கொமட்டுது."

காலை எடுத்ததும் வண்டி தானாகவே பிடித்து, அந்த இழுப்பில் கொஞ்சம் கரண்ட்டு பேட்டரிக்குத் திரும்பிப் போகும்படியான ஏற்பாடு அது. இன்றைக்கென்று அதை உச்சத்தில் வைத்து ஓட்டியிருந்தாள். அந்தக் கரண்ட்டுத் துளியால்தான் ஜெயித்தோம் என்று மனசுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. ராசாத்தாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அப்பிடிங்களா. நெம்ப நல்லதுங்க. இத கோயமுத்தூர்லயே சொல்லியிருந்தா ஆகாதுங்களா?" என்றாள்.

இன்னைக்குத்தானுங்க சொல்லப் பழகறேன் என்றார் பெரியவர்.

அவள் வண்டிக்குள் கையை விட்டு, அந்த இழுப்பை இரண்டு படி குறைத்து வைத்தாள்.